அம்மாவின் காணி உறுதியும் சூப்பர் விசாவும்

அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடுவதென்றால் இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஒருவர் முகம் தெரியாத விசா அதிகாரி. வந்தால் அம்மா திரும்பிப் போவார் என்று அவரை நம்பவைக்க வேண்டும். மற்றவர் அம்மா. அவர் வருவதற்கே மாட்டேன் என்கிறார். என் அனுபவத்தில் அதிகாரி பரவாயில்லை.

அம்மா யாழ்ப்பாணத்தில், மீசாலையில் இருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார். அண்ணா சூரிச்சில், நான் கனடாவின் மார்க்கம் நகரில். இப்படி ஊரில் பிள்ளைகள் ஒருவரும் மிச்சமில்லாத குடும்பங்கள் தென்மராட்சியில் எத்தனையோ. ஆனால் விசா விண்ணப்பத்தில் இதுதான் பெரிய பலவீனம். பிள்ளைகள் எல்லாரும் வெளியில் என்றால், இந்த அம்மா எதற்காகத் திரும்பிப் போகப்போகிறார் என்று கேட்பார்கள். கேள்வியில் பிழை இல்லை. பதிலை எப்படிக் கடதாசியில் காட்டுவது என்பதில்தான் முழு வேலையும்.

நிரந்தரமாகக் கூப்பிடும் ஸ்பொன்சர் வழியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பெற்றோரை ஸ்பொன்சர் செய்ய விருப்பம் தெரிவித்து 2020இல் பெயர் கொடுத்தவர்களில் இருந்துதான் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் ஆட்களைத் தெரிவு செய்துவந்தார்கள். நான் அப்போது பெயர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அம்மா இங்கே குடியேற ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று சாதாரண விசிட்டர் விசா. கட்டணம் 100 டொலர், விரலடையாளத்துக்கு 85 டொலர். வந்தால் வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம். மற்றது பெற்றோருக்கும் பேரன் பேத்தி உள்ளவர்களுக்கும் என்று 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசா. 2022 ஜூலையில் இருந்து அதில் ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். ஐந்து மாதம் நிற்கவே முகம் சுழிக்கும் அம்மாவுக்கு ஐந்து வருட விசா எதற்கு என்று அண்ணா சிரித்தார். எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். சூப்பர் விசாவில் பாரத்தின் பெரும்பகுதி பிள்ளையின் தலையில் விழுகிறது. என் வருமான வரிக் கணிப்பு, நான் எழுதும் அழைப்புக் கடிதம், ஒரு வருடத்துக்கான காப்புறுதி. வருமானத்தைப் பார்க்கும்போது வீட்டில் உள்ள தலைகளோடு அம்மாவையும் சேர்த்து எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு உரிய குறைந்தபட்சத் தொகையைத் தாண்ட வேண்டும். தனியாக முடியாவிட்டால் கணவன் அல்லது மனைவியும் சேர்ந்து கையெழுத்திடலாம்.

ஆனால் 'சூப்பர் விசா என்றால் தந்தேதான் ஆகவேண்டும்' என்று இங்கே ஒரு பேச்சு உலாவுகிறது. அது கதை. திரும்பிப் போவாரா என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரின் தாயாருக்கு மறுப்பு வந்து, ஐந்து டொலர் கட்டி அதிகாரியின் குறிப்பை எடுத்துப் பார்த்தார். (2025 ஜூலைக்குப் பிறகு விசிட்டர் விசா மறுப்புக் கடிதங்கள் பலவற்றுடன் அந்தக் குறிப்பே சேர்ந்து வரத் தொடங்கியிருக்கிறது. நல்ல மாற்றம்.) நெருங்கிய குடும்பம் எல்லாம் கனடாவில், சொந்த நாட்டில் சொத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற பொருளில் சில வரிகள். வீட்டின் படங்களை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். வீடு யாருடையது என்று காட்ட ஒன்றும் வைக்கவில்லை.

அங்கேதான் அம்மாவின் சீதனம் கைகொடுத்தது. மீசாலை வளவு, ஊர்க் கணக்கில் நாலு பரப்பு, தாத்தா கல்யாணத்தின்போது அம்மாவின் பெயரில் எழுதிக்கொடுத்தது. யாழ்ப்பாணத் தமிழருக்கு உரிய தேசவழமைச் சட்டத்தில் சீதனக் காணி பெண்ணின் சொத்து. எழுபது வயது தாண்டிய ஒரு விதவையின் பெயரிலேயே, ஐம்பது வருடத்துக்கு முந்திய உறுதிப் பத்திரத்தோடு, வீடும் காணியும் இருக்கிறது என்றால் அது லேசான ஆதாரம் இல்லை. சீதனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. என்றாலும் அன்றைக்குத் தாத்தாவை நன்றியோடு நினைத்தேன்.

2000இல் சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது அம்மா வடமராட்சிக்கு ஓடினார். உறுதியை மட்டும் ஒரு உரப்பையில் சுற்றி எடுத்துப்போனார். கல்யாணப் பதிவு, அப்பாவின் நியமனக் கடிதம், என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் அங்கேயே போய்விட்டன. விவாகப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்தோம். என் பிறப்பு அத்தாட்சியில் அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்தோம். பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள உறவைக் காட்டும் முக்கிய ஆவணம் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சி. ஒரு எழுத்துப் பிசகை விளக்காமல் விடுவதைவிட, கேட்கும் முன்னரே விளக்கிவிடுவது நல்லது.

உறுதியை மொழிபெயர்த்த ஐயா பரப்பை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டு அனுப்பினார். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே இது கால் ஏக்கர் என்று பக்கத்தில் எழுதித் தரச்சொல்லித் திரும்ப அனுப்பினேன். ஒட்டாவாவில் யார் பரப்பைக் கண்டார்கள்?

பிறகு விண்ணப்பப் படிவம். அம்மாவோடு வாட்ஸப்பில் இருந்துகொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். காசநோய் வந்ததா? இல்லை. குற்றம் செய்து பிடிபட்டதுண்டா? "உன்ர அப்பாவோட குடும்பம் நடத்தினதைத் தவிர ஒண்டும் செய்யேல்லை." இராணுவத்திலோ ஆயுதக் குழுவிலோ இருந்தீர்களா? இல்லை. அடுத்த கேள்வியின் சாரம் இது: கைதிகளோ பொதுமக்களோ துன்புறுத்தப்படுவதையோ, கொள்ளையையோ, வழிபாட்டிடங்கள் சேதமாக்கப்படுவதையோ எப்போதாவது கண்டிருக்கிறீர்களா, அல்லது அதில் பங்கெடுத்தீர்களா?

பங்கெடுத்ததை மட்டும் கேட்டிருந்தால் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கண்டதுண்டா என்றும் சேர்த்துக் கேட்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாத்தனான்தானே பிள்ளை. எல்லாரும் பாத்தம்தானே" என்றார். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பிப் போனபோது எங்கள் வீட்டில் கூரை ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றடியில் கப்பி இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வயதுள்ள யாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் உண்மையான பதில் ஒன்றுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் 'இல்லை' என்றே போடுகிறார்கள். விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். 'ஆம்' என்றால் வீண் சிக்கலாம்.

நான் 'ஆம்' என்று போட்டேன். அதற்குக் கீழே இருந்த இடத்தில், 'பொதுமகளாக இடம்பெயர்ந்தவர். திரும்பிவந்தபோது தன் வீடும் அயல் வீடுகளும் சூறையாடப்பட்டிருந்ததைக் கண்டார். எதிலும் பங்கெடுக்கவில்லை' என்று சுருக்கமாக எழுதினேன். துணிச்சலால் செய்யவில்லை. பொய்த்தகவல் கொடுத்ததாகக் கண்டால் கனடாவுக்குள் வர ஐந்து வருடத் தடை விழும். அதைவிட, அம்மா கண்டதை இல்லை என்று என் கையால் எழுத மனம் வரவில்லை. அந்தப் பதிலால் ஒரு சிக்கலும் வரவில்லை. எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று உத்தரவாதம் தர நான் ஆள் இல்லை.

ஏன் திரும்பிப் போவார் என்ற கடிதத்தை அம்மாவின் வாயாலேயே எழுத நினைத்தேன். குரல் பதிவாக அனுப்பச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் கோபம். "என்ர வீட்டுக்கு நான் திரும்பி வாறதுக்கு உங்கட ஆக்களுக்கு ஏன் காரணம் சொல்லோணும்?" பிறகு நாள்தோறும் பதிவுகள் வரத் தொடங்கின. பெரியம்மா அதே வளவில் இருக்கிறார், நடக்கமாட்டார், இரண்டு நேரச் சாப்பாடு அம்மாவின் கையால்தான். அம்மா இல்லாத நாட்களில் பெரியம்மாவின் பெறாமகள் ஒருத்தி வந்து நிற்பாள், அதுவும் மாசி மாதம் வரைதான், அவளுக்குக் கல்யாணம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விரதம், இதுவரை ஒரு வருடமும் விட்டதில்லை. கறுத்தக்கொழும்பான் மாமரம் இரண்டு, காய்க்கும் காலத்தில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வௌவாலும் அயல் பெடியளும் மிச்சம் வைக்கமாட்டார்கள். ஆசிரியராக இருந்த அப்பாவின் ஓய்வூதியத்தில் அம்மாவுக்கு ஒரு பங்கு வருகிறது. அது தொடர வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு தடவை விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) போய், உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழில் ஒப்பம் வாங்க வேண்டும்.

இதில் பெரியம்மாவையும் ஓய்வூதியத்தையும் ஆதாரத்தோடு முன்னுக்கு வைத்தேன். பெரியம்மாவின் மருத்துவக் குறிப்பு, விதானையாரின் கடிதம், ஓய்வூதியம் விழும் வங்கிக் கூற்று. திருவிழாவும் ஒரு வரியில் வந்தது. வௌவாலை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு அதில் மனவருத்தம்.

வங்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் கிழமையில் பெற்றோரின் கணக்கில் பெரிய தொகையைப் போட்டுவிடும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. மாதாமாதம் ஓய்வூதியம் மட்டும் விழுந்த கணக்கில் திடீரென்று இருபது லட்சம் ரூபா வந்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? அம்மாவின் கணக்கை நான் தொடவில்லை. செலவு என்னுடையது என்று என் கடிதத்தில் சொல்லி, என் பக்கத்து ஆவணங்களை வைத்தேன்.

காப்புறுதிதான் பணத்தைத் தின்னும் இடம். குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்கு எடுக்க வேண்டும். முழுவதையும் ஒரே தடவையில் கட்டத் தேவையில்லை, முற்பணம் கட்டித் தவணையாகவும் செலுத்தலாம். விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தரும் திட்டமாகப் பார்த்து எடுங்கள். முன்பே இருக்கும் வருத்தங்களை, அதாவது நோய்களை, பற்றிய பகுதியை முகவர் சொல்வதை வைத்து விடாமல் நீங்களே வாசியுங்கள். அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும் உண்டு. சில திட்டங்கள் 90 நாளும், சில 180 நாளும் அந்த வருத்தம் மாறாமல் ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும் என்கின்றன. அதற்குள் வைத்தியர் குளிசையின் அளவைக் கூட்டினாலே பல இடங்களில் 'நிலை மாறியது' என்று எடுப்பார்கள். அந்த வருத்தத்தால் ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு வராது. பயணத்துக்கு முன் அம்மாவின் குளிசை மாறுகிறதா என்று நான் ஒவ்வொரு கிளினிக் நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். மாறியிருந்தால் வேறு திட்டம் எடுக்கவேண்டி வந்திருக்கும்.

கொழும்பில் விரலடையாளமும் மருத்துவப் பரிசோதனையும். மச்சான் கூட்டிப்போய் வெள்ளவத்தையில் தங்கவைத்து எல்லாம் முடித்துவிட்டார். விறகும் கிணற்றுக் கயிறும் தேய்த்த விரல்கள் இயந்திரத்தில் லேசில் பதியவில்லை. அங்கே இருந்த பிள்ளை பொறுமையாகத் திரும்பத் திரும்ப எடுத்தாளாம். "நல்ல பிள்ளை, சிங்களப் பிள்ளை, தமிழ் கதைக்கிறாள்" என்று அம்மா அவளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். ஒரு தடவை எடுத்தால் பத்து வருடத்துக்குச் செல்லும். 79 வயதைத் தாண்டியவர்களுக்கு விரலடையாளமே தேவையில்லை.

விசா வந்த செய்தியைச் சொன்னபோது அம்மா கேட்டது, "அப்ப மாங்காய்க்குப் பிறகு வரலாம்தானே?" மாங்காய்க்குப் பிறகு நல்லூர். நல்லூருக்குப் பிறகு ஆரோ ஒருவரின் அந்தியேட்டிக் கிரியை. கடைசியில் டோகா வழியாக வந்து இறங்கினபோது பியர்சன் விமான நிலையத்துக்கு வெளியே மரங்கள் மஞ்சளாகி இருந்தன. உள்ளே அதிகாரி எவ்வளவு காலம் நிற்பீர்கள் என்று தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்டிருக்கிறார். தை மாதத்துக்கு முன் போயாக வேண்டும், விதானையாரிடம் ஒப்பம் வைக்க வேண்டும் என்று அம்மா விளக்கத் தொடங்கினாராம். காப்புறுதிக் கடதாசியைப் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிட்டார்கள்.

இப்போது சூரிச்சில் இருக்கும் அண்ணாவுக்கு ஆசை வந்திருக்கிறது. நான் சேர்த்த கோப்பை அப்படியே அனுப்பச் சொன்னார். அனுப்பியிருக்கிறேன். உறுதியின் மொழிபெயர்ப்பு பயன்படும், ஏக்கரைச் சதுர மீற்றராக்கச் சொன்னேன். மற்றபடி அங்கே கணக்கு வேறு. 180 நாளில் 90 நாள்தான் நிற்கலாம், காப்புறுதி 30,000 யூரோ, தேவைப்பட்டால் அண்ணா 30,000 பிராங்குக்குப் பொறுப்பு நின்று ஒப்பமிட வேண்டும். தொண்ணூறு நாள் என்றதும் அம்மாவுக்கு அந்த நாட்டின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கறுத்தக்கொழும்பான் முடிய விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை வௌவாலையும் கடிதத்தில் சேர்க்க வேண்டுமாம்.