மிச்ச நூலும் பதினோராம் நம்பர் ஊசியும்

நம் பாடசாலையில் மனையியல் அறை எங்கே இருந்தது என்று கேட்டால் பையன்கள் முழிப்பார்கள். அங்கிருந்த மாலிபன் பிஸ்கட் டின்னை மறந்த பெண்பிள்ளை யாரும் இருக்கமாட்டாள். மேல்வகுப்பு அக்காமார் பின்னி முடித்த பிறகு எஞ்சும் பருத்தி நூலை மனையியல் மிஸ் அதற்குள் போட்டுப் பூட்டி வைப்பார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, பாண் என்ற ரொட்டிக்கே வரிசை. 1977க்குப் பிறகு கடைகள் நிறைந்த காலத்தில் படித்த தங்கச்சிமாருக்கு இந்தக் கஞ்சத்தனம் விளங்காது.

அந்த மிச்சத்தில் நாங்கள் பின்னியதெல்லாம் கைக்குழந்தைச் சாமான்கள்தான். காலுறை, கட்டைவிரல் இல்லாத கையுறை, தொப்பி. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் எந்தக் காம்பராவிலாவது (அறையிலாவது) ஒரு பச்சைப்பிள்ளை இருக்கும். தாய் கொழுந்தெடுக்கத் திரும்பியதும் அதுவும் விடியற்பனியில் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்குப் போயாக வேண்டும். டிக்கோயாப் பக்கத்து ஜனவரிக் குளிரை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊசியைத் தொடுமுன் நூலை முழம் போட்டு அளந்து, சரிபாதியாக இரண்டு உருண்டை சுற்ற வேண்டும். இது மிஸ்ஸின் சட்டம். அளக்காமல் தொடங்கினால் ஒரு கால் முழுசாக முடியும், மற்றதற்கு விரல் நுனி இருக்காது. நிறம் போதாதென்றால் இரண்டு காலிலும் ஒரே வரிசையில் அடுத்த நிறத்தைச் சேர்ப்போம். பார்த்தவர்கள் கோடுகளை அழகு என்றார்கள். நூல் தீர்ந்த இடங்கள் அவை.

பருத்தி இழுத்தால் கம்பளி போல மீளாது. கணுக்காலில் எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் இரண்டு நாளில் தொளதொளத்துவிடும். அதனால் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னி, வரிசையாக ஓட்டை விடுவோம். மிச்சத்திலும் மிச்சமான நூலை முறுக்கி அதற்குள் நாடாவாகக் கோர்ப்போம். கணுக்காலுக்கு நாடா போடலாம், கழுத்துக்குக் கூடாது. நூல் மாற்றும் இடத்தில் முடிச்சும் கூடாது, குதிகாலில் உறுத்தும். வால்களை, அதாவது நூலின் நுனிகளை, ஊசியால் ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபடி திருப்பியும் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கி வெளியே வந்துவிடும். முடிந்ததும் மிஸ் கையுறையை உட்புறம் திருப்பித் தன் சுண்டுவிரலால் தடவுவார். தொங்கும் இழையில் பிள்ளையின் விரல் சிக்கினால் இரத்த ஓட்டமே நின்றுவிடுமாம். எத்தனை கையுறைகளை அப்படியே பிரிக்க வைத்தார்!

மலைநாட்டுக் குளிருக்குப் பருத்தியா என்று அம்மாமார் முணுமுணுத்தார்கள். பிள்ளை கையை வாயில் வைக்கும், கையுறையைச் சுடுதண்ணீரில் அலச வேண்டும், கம்பளி என்றால் சுருங்கித் தடித்துவிடும் என்பார் மிஸ். கைக்கும் காலுக்கும் அது சரி. தொப்பி விஷயத்தில் இன்றும் நான் அவர் கட்சி இல்லை. தூறலில் நனைந்த பருத்தி தலையிலேயே ஈரமாக இருக்கும், லேசில் காயாது. சிவனொளிபாதமலை ஏறப் போகிறவர் யாராவது ஹட்டன் கடையில் பருத்தித் தொப்பி கேட்பாரா?

பேரப்பிள்ளைகளுக்குப் பின்ன நினைக்கும் வெளிநாட்டு அக்காமாருக்கு ஒரு வார்த்தை. டிரையரில் போட்டால் பருத்தியும் சுருங்கும், கொஞ்சம் நீளமாகவே பின்னுங்கள். ஊசி வாங்கும்போது நம்பரை நம்பாமல் மில்லிமீற்றரைப் பாருங்கள். மிஸ் சொன்ன 11ஆம் நம்பர் பழைய பிரித்தானியக் கணக்கு, 3 மில்லிமீற்றர். அமெரிக்க 11 என்றால் 8 மில்லிமீற்றர். அதில் பின்னிய காலுறை தாத்தாவுக்குத்தான் பொருந்தும்.