இரண்டு பெண் குரல்களுக்கு நடுவே

2024ஆம் ஆண்டில் அமெரிக்க பாப் இசையைப் பற்றி எழுதிய ஏறக்குறைய எல்லோரும் அதைப் 'பெண்களின் ஆண்டு' என்றே எழுதினார்கள். சப்ரினா கார்பென்டர், சாப்பல் ரோன், சார்லி எக்ஸ்சிஎக்ஸ் ஆகிய மூவரும் ஒரே கோடைக்காலத்தில் மேலெழுந்து வந்தார்கள். டெய்லர் ஸ்விஃப்டின் ஈராஸ் சுற்றுப்பயணம் 149 நிகழ்ச்சிகளோடு டிசம்பரில் முடிந்தபோது அதன் வசூல் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான போட்டியில் நின்ற எட்டுப் பேரில் ஆண் ஒருவர் மட்டுமே, ஜான் பாடிஸ்ட். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த அறிவிப்பை நான் கேட்பது இது முதல் முறையன்று. 1997இல் கேட்டேன், கேட்டி பெரி, லேடி காகா, ரிஹானா, அடெல் என்று வரிசையாக வந்த 2010, 2011 ஆண்டுகளில் மறுபடியும் கேட்டேன். எந்த ஓர் ஆண்டையும் யாரும் 'ஆண்களின் ஆண்டு' என்று அழைத்து நான் படித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்லூரி மாணவன். விடுதியின் பொது அறையில் இருந்த தொலைக்காட்சியில் கிரிக்கெட் இல்லாத நேரங்களில் சேனல் வி ஓடும். அலானிஸ் மொரிசெட், ஷெரில் குரோ, சாரா மக்லாக்லன், ஜூவல் ஆகியோரை அங்கேதான் முதலில் கேட்டேன். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாங்களே எழுதிய பாடல்களை, கோபத்தையும் கசப்பையும் மறைக்காமல் பாடிய பெண்கள் அவர்கள். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து அலானிஸின் ஒலிநாடாவை வாங்கி இரண்டு முறை பிரதியெடுத்தேன், முதல் பிரதி தேய்ந்துவிட்டதால். நான்கைந்து ஆண்டுகளில் அந்த முகங்கள் திரையிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. அவர்கள் எங்கே போனார்கள் என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மக்களின் ரசனை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ரசனை என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை அல்லவா?

விளக்கம் இருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அக்கால அமெரிக்க வானொலி நிலையங்களில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: இரண்டு பெண்களின் பாடல்களை அடுத்தடுத்து ஒலிபரப்பக் கூடாது. கச்சேரி ஏற்பாட்டாளர்களும் இதே கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். ஒரே மேடையில் இரண்டு பாடகிகளைப் போட்டால் சீட்டு விற்காது என்றார்கள். 1996இல் சாரா மக்லாக்லன் தன் நிகழ்ச்சிகளில் தனக்கு முன்னால் பாட, பாலா கோல் என்ற பாடகியை அழைத்துக்கொண்டபோது எழுந்த ஆட்சேபம் இதுதான். அந்த ஆத்திரத்தில் பிறந்ததே, அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய லிலித் ஃபேர் என்ற பயணக் கச்சேரித் திருவிழா. மேடையேறிய கலைஞர்கள் எல்லோரும் பெண்கள், அல்லது பெண்கள் முன்னின்று பாடும் குழுவினர். 1997இல் அமெரிக்காவைச் சுற்றிவந்த இசைத் திருவிழாக்களில் மிக அதிகம் வசூலித்தது அதுவே. மூன்று கோடைகளில் அறக்கொடைகளுக்காக மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. சீட்டு விற்காது என்று சொன்னவர்கள் பிறகு என்ன சொன்னார்கள் என்று அறிய எனக்கு இன்னும் ஆசை.

இந்த விதியின் கெடுதல் மேலோட்டமாகப் பார்த்தால் புலப்படாது. அடுத்தடுத்து போடக் கூடாது என்றுதானே சொல்கிறார்கள், ஒன்று விட்டு ஒன்று போடலாமே என்று தோன்றும். நடைமுறையில் பாடகிகளுக்கென்று சில இருக்கைகள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. புதிதாக ஒரு பாடகி வந்தால் அவர் இன்னொரு பாடகியைத்தான் எழுப்பிவிட்டு உட்கார வேண்டும். ஆண்கள் எல்லோரோடும் போட்டியிடுகிறார்கள், பெண்கள் பெண்களோடு மட்டும் போட்டியிடுகிறார்கள். இசைப் பத்திரிகைகள் இரண்டு பாடகிகளுக்குள் ஓயாமல் பகையைக் கற்பிப்பதற்குக்கூட வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1996இல் அமெரிக்கா தன் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களுக்கு இருந்த உச்சவரம்பு நீங்கியது. 40 நிலையங்கள் என்றிருந்த இடத்தில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 1,200 நிலையங்களைக் கையில் வைத்திருந்தது. முன்பு ஊருக்கு ஒருவர் தேர்ந்தெடுத்த பாடல்களை இப்போது ஒரு சிலர் தேர்ந்தெடுத்தார்கள், பட்டியல் சுருங்கியது, சுருங்கிய பட்டியலில் முதலில் இடம் இழந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1999இல் உட்ஸ்டாக் பெயரில் நடந்த திருவிழாவின் முதன்மை மேடைகளில் அலானிஸ், ஷெரில் குரோ, ஜூவல் என்று மூன்றே மூன்று பாடகிகள்தான் இருந்தார்கள். லிலித் ஃபேர் தன் மூன்றாம் கோடையோடு ஓய்ந்ததும் அதே ஆண்டுதான்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அதே 1999 ஜனவரியில் பதினேழு வயது பிரிட்னி ஸ்பியர்ஸ் பில்போர்டு பத்திரிகை வாரந்தோறும் வெளியிடும் அமெரிக்க வெற்றிப் பாடல்களின் ஹாட் 100 பட்டியலின் உச்சியில் இருந்தார். ஆகவே, பெண் குரல்கள் ஒட்டுமொத்தமாகக் காணாமற்போகவில்லை. தன் பாட்டைத் தானே எழுதிய, இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்களின் இடத்தில், மாக்ஸ் மார்ட்டின் போன்ற ஆண்கள் எழுதித் தந்ததைப் பாடும் பதின்வயதுப் பெண்கள் வந்தார்கள். பிரிட்னியைக் குறைத்துச் சொல்லவில்லை; அவருடைய குரலில் இருந்த குறும்பு எவரும் எழுதித் தந்ததன்று. தலைகளை மட்டும் எண்ணினால் இந்த இடமாற்றம் கண்ணில் படாது என்பதற்காகச் சொல்கிறேன். வயதைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். 2016இல் பில்போர்டு தனக்கு விருது வழங்கிய மேடையில் மடோனா, இந்தத் துறையில் பெண்ணுக்கு வயதாவதே பாவமாகக் கருதப்படுகிறது என்று கண்ணீரோடு பேசினார். 52 வயதில் முதலிடத்துக்கு வந்த ஷெர் போன்ற விதிவிலக்குகள் உண்டு. இன்னும் விசித்திரமான விதிவிலக்கு பிரெண்டா லீ: 13 வயதில், 1958இல், அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு 2023 டிசம்பரில், அவருக்கு 79 வயது ஆகவிருந்த வாரத்தில், முதலிடத்துக்கு வந்தது.

மறைமுகமாக இயங்கிய விதியை வெளிப்படையாகச் சொன்னவர் ஒருவரும் கிடைத்தார். 2015 மே மாதம் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், அமெரிக்க கிராமிய மரபில் வந்த கண்ட்ரி இசைத் துறையின் பத்திரிகை ஒன்றில், கேட்பவர் எண்ணிக்கை உயர வேண்டுமானால் பெண்களின் பாடல்களைக் குறையுங்கள் என்று நிலையங்களுக்கு அறிவுரை கூறினார். கண்ட்ரி வானொலியை அவர் ஒரு சாலட்டுக்கு ஒப்பிட்டார்: ஆண் பாடகர்கள் அதன் கீரை, பெண்கள் நடுநடுவே வரும் தக்காளி. பெரும் கூச்சல் எழுந்தது, தக்காளிப் படம் போட்ட சட்டைகள்கூட வந்தன. ஆனால் 2018 டிசம்பரில் ஒரு வாரம், கண்ட்ரி வானொலிப் பட்டியலின் முதல் 20 இடங்களில் ஒரு பெண்கூட இல்லை. ஆலோசகர் புள்ளிவிவரம் வைத்திருந்தார் என்பதையும் நான் மறுக்கவில்லை. கேட்டுப் பழகாத குரலை மக்கள் விரும்பவில்லை என்று கருத்தாய்வு காட்டும், விரும்பவில்லை என்பதால் அந்தக் குரல் ஒலிபரப்பப்படாது, ஒலிபரப்பப்படாததால் பழகாது. வட்டம் எங்கே தொடங்குகிறது என்று கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

இணையம் வந்து இந்தக் காவற்காரர்களைத் துரத்திவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2014இன் பிற்பகுதியில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. ஹாட் 100இன் முதல் ஐந்து இடங்களையும் பல வாரங்கள் தொடர்ந்து பெண்களே பிடித்திருந்தார்கள். மூன்றே ஆண்டுகள் கழித்து, 2017இன் முதல் எட்டு மாதங்களில், அதே பட்டியலின் முதலிடத்துக்கு ஒரு பாடகிகூட ஏறவில்லை. செப்டம்பரில் டெய்லர் ஸ்விஃப்டும் அக்டோபரில் கார்டி பியும்தான் அந்த வறட்சியை முடித்தார்கள். ராப் பாடும் ஒரு பெண், வேறு எவர் பெயரும் சேராமல் முதலிடத்தைப் பிடித்தது 1998இல் லாரின் ஹில்லுக்குப் பிறகு அதுவே முதல் முறை. இதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: ஸ்ட்ரீமிங் கணக்கில் சேர்ந்த பிறகு ஹிப்-ஹாப் அமெரிக்காவில் மிக அதிகம் கேட்கப்படும் இசையாக மாறியது, அந்த இசையில் பெரிய நிறுவனங்கள் முதலீடு செய்திருந்த பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பழைய வாசலில் யார் நின்றார்களோ அவர்களேதான் புது வாசல் வழியாகவும் முதலில் நுழைந்தார்கள்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். சென்ற ஆண்டு என் கைபேசியில் நான் சேர்த்து வைத்திருக்கும் பாடல்களை ஒரு மழை நாளில் எண்ணிப் பார்த்தேன். பெண்கள் பாடியவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எந்த நிலையமும் எனக்கு விதி போடவில்லை. நான் கேட்டதைப் போன்றதையே செயலி மேலும் மேலும் தந்தது, நானும் வாங்கிக்கொண்டேன்.

2018 ஜனவரி கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே பெண் லோர்டு. அவருக்குத் தனியாகப் பாட வாய்ப்பு தரப்படவில்லை. அது பற்றிய கேள்விகள் எழுந்தபோது கிராமி அமைப்பின் தலைவர் நீல் போர்ட்னோ, பெண்கள்தான் இன்னும் முன்வர வேண்டும் என்ற பொருளில் பதில் சொல்லி மாட்டிக்கொண்டார். அதே மாதம் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2012 முதல் 2017 வரையிலான 600 வெற்றிப் பாடல்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் பாடியவர்களில் பெண்கள் 22.4 சதவீதம் என்றும், 2017இல் மட்டும் 16.8 சதவீதம் என்றும் இருந்தது. அதே குழுவின் பிந்தைய அறிக்கையின்படி 2023இல் அது 35 சதவீதமாக உயர்ந்தது. இந்த உயர்வைத்தான் இப்போது கொண்டாடுகிறோம்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் பிந்தைய அறிக்கையின் வேறு வரிகளை. 2023இன் வெற்றிப் பாடல்களை எழுதியவர்களில் பெண்கள் 19.5 சதவீதம், புரொடியூசர்களில் 6.5 சதவீதம். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அங்கே புரொடியூசர் என்பவர் பாட்டின் ஒலியையே வடிவமைக்கிறவர், ஏறக்குறைய நம் இசையமைப்பாளரின் நாற்காலியில் இருப்பவர். அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமற்போகும் என்பதை ஒரு தமிழ்ப் பெண்ணே சொல்லியிருக்கிறார். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து மீண்டும் லண்டனுக்கு அகதியாகச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன் முதல் ஆல்பத்தின் ஒலிக்கான பெருமை முழுவதையும் டிப்ளோ என்ற ஆணுக்கு எழுதிவிடுகிறார்கள் என்று 2007இல் ஒரு நேர்காணலில் வெடித்தார். அடுத்த ஆண்டு அவருடைய பாட்டு ஹாட் 100இல் நான்காம் இடம் வரை சென்றது.

பாடியவர், எழுதியவர் என்ற இந்த வேறுபாட்டை நினைக்கும்போது எனக்கு டிரேசி சாப்மன்தான் முன்னால் வந்து நிற்கிறார். ஒரு பழைய காரில் ஏறி வறுமையிலிருந்து தப்பிக்க நினைக்கும் பெண்ணைப் பற்றி அவர் எழுதிப் பாடிய 'ஃபாஸ்ட் கார்' 1988இல் ஆறாம் இடம் வரை வந்தது. 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற கண்ட்ரி பாடகர் அதே பாட்டை, காசாளராக வேலை பார்க்கும் பெண்ணின் வரியைக்கூட மாற்றாமல், அப்படியே பாடினார். அது ஹாட் 100இல் இரண்டாம் இடத்துக்கும், தக்காளி உவமை பிறந்த அதே கண்ட்ரி வானொலியின் பட்டியலில் முதலிடத்துக்கும் சென்றது. தானே தனித்து எழுதிய பாட்டின் மூலம் அந்த முதலிடத்தைத் தொட்ட முதல் கறுப்பினப் பெண் என்ற பெயர் சாப்மனுக்குக் கிடைத்தது, இன்னொருவர் குரலில்.

2024 பிப்ரவரியில், முன்பு சொன்ன அந்தக் கிராமி மேடையில், இருவரும் சேர்ந்து அதைப் பாடினார்கள். பல ஆண்டுகளாகப் பொதுமேடைகளில் அரிதாகவே தென்பட்டவர் நரைத்த தலைமுடியோடு கிதாரில் அந்த முதல் ஸ்வரங்களை மீட்டிவிட்டுச் சிரித்தார். கோம்ப்ஸ் பக்கத்தில் நின்று, தன் முறை வராத வரிகளையும் உதட்டசைத்துப் பாடிக்கொண்டிருந்தார். விழா முடிந்த பிறகு அமெரிக்கர்கள் ஐட்யூன்ஸ் என்ற இணைய இசைக் கடையில் தேடிப்போய் வாங்கி முதலிடத்துக்குக் கொண்டுவந்தது 1988ஆம் ஆண்டின் பதிவை.