மாமனாரோடு புலாவ் உபின்

ஊரிலிருந்து வந்திருந்த மாமனாருக்குச் சிங்கப்பூரில் எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்பதோடு சரி. மரினா பேக்கும் அதே மார்க், செந்தோசாவுக்கும் அதே மார்க். சரி, பறவை பார்க்கலாம், சைக்கிள் ஓட்டலாம் என்று புலாவ் உபின் தீவுக்குக் கூட்டிப் போனேன். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பார்கள், மன்னார்குடி ஷேர் ஆட்டோ மாதிரி. அங்கேயே அவருக்குத் தீவைப் பிடித்துவிட்டது.

இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள். நான் கியர் வண்டி எடுத்தேன். அவர் ஒவ்வொரு வண்டியாக டயரை அமுக்கி, பெடலைச் சுற்றிப் பார்த்து, கடைசியில் முன்னால் கூடை வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கியர் வேண்டாமா என்றால், "அது கால்லயே இருக்கு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினவர்தான், செக் ஜாவா என்ற கடலோரச் சதுப்புநிலத்துக்குப் போகும் மேட்டில் மணிச் சத்தம் மட்டும் முன்னால் எங்கோ கேட்டது. நான் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது நிழலில் உட்கார்ந்திருந்தவர், "வழியில பஞ்சரா மாப்பிள்ளை?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

செக் ஜாவாவுக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, வாசலிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கடலை மண்போட்டு நிரப்பப் போன இடம் இது, மக்கள் கேட்டுக்கொண்டதால் 2001 டிசம்பரில் அந்தத் திட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். 1930களில் ஆங்கிலேயர் ஒருவர் கட்டிய ஓய்வு வீடு ஒன்றும் இருக்கிறது, உள்ளே குளிர்காய அடுப்பு வேறு! "இந்த வேக்காட்டுல யாருக்குக் குளுந்துச்சாம்?" என்றார் மாமா, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி.

கண்டல் காட்டுக்குள் போகும் பலகைப் பாதையைத் தாண்டி ஜெஜாவி கோபுரத்தில் ஏறினோம். பைனாகுலரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இலை, இன்னும் பெரிய இலை. அவர் வெறுங்கண்ணால், "அந்தா, கீழ்க்கிளை, மூக்கு மேல மூக்கு வச்ச மாதிரி" என்றார். இருவாச்சி! சிங்கப்பூரை விட்டே போயிருந்த பறவை, 1994இல்தான் உபினில் மறுபடி தென்பட்டது. பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், குஞ்சு வளரும்வரை ஆண்தான் தேடித் தேடி ஊட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. "அடைச்சிக்கிட்டு உள்ள உக்காந்தும் இது சரியில்ல அது சரியில்லன்னு சொல்லுமா?" என்றார்.

திரும்பி வந்தால் வாசலில் பஞ்சாயத்து. அவருடைய கூடையிலிருந்த பையைக் குரங்கு ஒன்று தூக்கிக்கொண்டு ஓட, கீழே விழுந்த புளிசாதப் பொட்டலத்தைக் காட்டுப்பன்றி ஒன்று, கோடு போட்ட குட்டிகள் சூழ, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மாமா போட்ட அதட்டலுக்கு ஊரில் மாடே திரும்பிப் போகும். இது தலையைத் தூக்கிப் பார்த்தது, வற்றல் மிளகாயை மட்டும் மூக்கால் ஒதுக்கியது, மறுபடி குனிந்துகொண்டது.

படகுக்குக் காத்திருந்தபோது வீட்டில் இருந்த அத்தையிடமிருந்து போன்.

"ஆமாம்மா, நீ கட்டிக் குடுத்த புளிசாதம்தான். பன்னி தின்னுடுச்சு... இல்ல இல்ல, அதுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கு."