தனுஷ்கோடியில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர்

தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் இடிந்த தேவாலயத்தைப் படம் எடுத்துவிட்டு நேராக அரிச்சல்முனைக்குப் போய்விடுகிறார்கள். நான் குடிசைகள் இருக்கும் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு அக்கா மணல் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, சிரட்டையால் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடல் கூப்பிடு தூரத்தில்தான். "குடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். உப்பே கரிக்கவில்லை!

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்த ஊர் இது. இங்கே இன்னும் மீனவக் குடும்பங்கள் இருக்க முடிகிறதென்றால் அதற்கு இந்த ஊத்துதான் காரணம். மணலில் இறங்கும் மழைத்தண்ணீர் கடல் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்கள் போடும் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள், மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் ஏறக்குறைய 40 அடி ஏறி வரும்.

"ஒரு மோட்டார் வச்சா போதுமே அக்கா?" என்று கேட்டேன்.

"வச்சா உப்பு ஏறிரும் தம்பி. ஊறுற அளவுக்குத்தான் எடுக்கணும்."

குளிக்க, துவைக்க வேறு குழி, குடிக்க வேறு குழி. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை, அன்றன்றைக்கே குடிசைக்குப் பின்னால் இருக்கும் தென்னங்கன்றுக்குப் போய்விடுகிறது. ஒரு நாள் கிடந்தாலே நாறும், கொசுவும் வரும். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு மட்டும் யாரும் விடுவதில்லையாம். அது சரிதான், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடும் எதற்கும் அந்தத் தண்ணீர் ஆகாது.

எனக்குக் கவலையெல்லாம் நம்மைப் போல வந்து போகும் கூட்டத்தை நினைத்துத்தான். ஒதுங்க இடம் தேடி மணல்மேட்டுக்குப் பின்னால் போகிறோம் இல்லையா, அந்த மேட்டுக்கடியில்தான் இவர்களுடைய குடிநீர் கிடக்கிறது. மணல் தூசியை வடிகட்டும், ஆனால் எல்லாக் கிருமியையும் நிறுத்தாது. போகிறவர்கள் ராமேஸ்வரத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வண்டி ஏறுங்கள், தயவுசெய்து.

இரண்டு குடம் நிறைந்ததும் அக்கா பனையோலையால் குழியை மூடினார். மூடும் முன் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மறுபடி பழைய மட்டத்துக்கு ஊறிக்கொண்டிருந்தது.