மாஸ்கோ மியூல்: இஞ்சிச் சாறு தெளியும் வரை

வோட்காவுக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான சுவை கிடையாது. அமெரிக்க அரசின் விதிமுறையே 2020 வரை அதைத் தனித்த மணமோ சுவையோ நிறமோ இல்லாத மது என்றுதான் வரையறுத்து வைத்திருந்தது. ஆகவே வோட்காவுடன் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்யும் மாஸ்கோ மியூல் என்ற கலவையை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், எந்த வோட்காவை வாங்குவது என்று யோசிக்கும் நேரத்தை நல்ல இஞ்சியைப் பொறுக்கி எடுப்பதில் செலவிடுவது நல்லது. இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பெங்களூரு வீட்டில் இதைச் செய்து வருகிறேன்; பலமுறை தவறாகச் செய்த பிறகே சரியான வழி பிடிபட்டது.

பெயரில் மாஸ்கோ இருந்தாலும் இது பிறந்தது அமெரிக்காவில். ஹியூப்லைன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மார்ட்டின் 1939-இல் ஸ்மிர்னாஃப் வோட்காவை அமெரிக்காவில் தயாரித்து விற்கும் உரிமையை வாங்கினார். விஸ்கி குடித்துப் பழகியிருந்த அமெரிக்கர்கள் அதைச் சீண்டவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் புலவார் சாலையில் 'காக் அண்ட் புல்' என்ற விடுதியை நடத்திவந்த ஜாக் மார்கனிடம் விலைபோகாத ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிப் பானம் குவிந்து கிடந்தது. 1941-இல் தேங்கிக் கிடந்த இந்த இரண்டு சரக்குகளும் எலுமிச்சைச் சாற்றின் துணையோடு ஒரே குவளையில் சேர்ந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த விடுதியில் மது கலந்து கொடுத்த வெஸ் பிரைஸ், நிலவறையை ஒழிப்பதற்காகத் தானே இதை முதலில் கலந்ததாகப் பின்னாளில் உரிமை கொண்டாடினார். மியூல் என்றால் கோவேறு கழுதை. அதன் உதை இந்தப் பானத்தில் இஞ்சியிலிருந்துதான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த உதை என் முதல் முயற்சியில் வரவேயில்லை. ஜிஞ்சர் பியர் கிடைக்காததால் ஜிஞ்சர் ஏல் வாங்கி ஊற்றினேன். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன். ஜிஞ்சர் ஏல் என்பது இஞ்சி வாசம் லேசாகக் காட்டும் இனிப்புச் சோடா. ஜிஞ்சர் பியரோ 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இஞ்சியையும் சர்க்கரையையும் தண்ணீரில் புளிக்க வைத்துச் செய்யத் தொடங்கிய பானம். இன்று புளிக்க வைக்காமலே பல இடங்களில் தயாரிக்கிறார்கள் என்றாலும் காரம் தூக்கலாக இருக்கும். இலங்கையில் அது பெட்டிக்கடையிலும் கிடைக்கும் அன்றாடக் குளிர்பானம். அந்த வசதி இங்கே இல்லாததால், இஞ்சிப் பாகை வீட்டிலேயே காய்ச்சுவோம் என்று அடுத்த வாரம் இறங்கினேன். துருவிய இஞ்சியைச் சர்க்கரையோடு அரை மணி நேரம் கொதிக்க விட்டேன். கிடைத்தது சளிக்குக் கொடுக்கும் கஷாயம். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், சூடுபடும்போது சிஞ்சரோன் என்ற மென்மையான, சற்று இனிப்பு மணம் கொண்ட பொருளாக மாறத் தொடங்கிவிடும். காய வைத்தால் ஜிஞ்சரால் ஷோகால் என்ற பொருளாகிக் காரம் கூடும். இஞ்சியை விடச் சுக்கு தொண்டையைப் பிடிப்பது அதனால்தான். கொதிக்க வைத்த இஞ்சிக்கு ஒரு பதம் உண்டு, ஆனால் குளிர்ந்த பானத்தில் மூக்கு வரை ஏறும் அந்தப் பச்சைக் காரம் அதில் இருக்காது.

வழி கிடைத்தது என் பாட்டியின் கைப்பழக்கத்திலிருந்து. மதுரையில் தீபாவளி லேகியம் கிளறும் நாளில், பாட்டி இஞ்சியை இடித்துப் பிழிந்த சாற்றை உடனே உருளியில் ஊற்ற மாட்டார். ஒரு கிண்ணத்தில் அசையாமல் வைத்து, தெளிந்ததும் மேலாக இறுத்துக்கொண்டு, அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை 'அது சுண்ணாம்பு, வயிற்றுக்கு ஆகாது' என்று சொல்லிக் கொட்டிவிடுவார். உண்மையில் அது இஞ்சியின் மாவுச்சத்து. வயிற்றுக்கு ஆகுமோ ஆகாதோ, இந்தக் கலவைக்கு ஆகவே ஆகாது. நாக்கில் சுண்ணாம்புத் தூள் போலப் படிந்து எலுமிச்சையின் கூர்மையை மழுங்கடித்துவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். நார் ஓடிய முற்றல் இஞ்சியாக, ஒடித்தால் சடக்கென்று ஒடிந்து ஓரத்தில் ஈரம் கசிகிற இஞ்சியாகக் கால் கிலோ எடுத்து, தோலை ஒரு தேக்கரண்டியின் விளிம்பால் சுரண்டிவிட்டு, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து மிக்சியில் அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி இறுகப் பிழிகிறேன். ஏறக்குறைய 100 மில்லி சாறு வரும். பிழிந்தவுடன் அது கலங்கிய மஞ்சளாக இருக்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால், அடியில் விரல் நகத்தின் கனத்துக்கு வெள்ளை வண்டல் கெட்டியாகப் படிந்து, மேலே தேன் நிறச் சாறு நிற்கும். டம்ளரை மெதுவாகச் சாய்த்தால் வண்டல் அசையாது. இறுத்த சாற்றில் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் ஏற்றாமல் கலக்கிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் எனக்குப் பிடித்தவை என்றாலும், அவற்றின் மணம் இஞ்சியை மறைத்துவிடுவதால் இதில் சேர்ப்பதில்லை. பாகைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கைந்து நாட்களுக்குள் தீர்த்துவிடுகிறேன்.

எலுமிச்சையில் செய்ய வேண்டியது குறைவு. நம் சந்தையில் கிடைக்கும் மெல்லிய தோல் எலுமிச்சம்பழமே போதும். மேல்நாட்டுக் குறிப்புகளில் லைம் என்று சொல்வதற்கு நெருக்கமானது அதுதான். கடைசிச் சொட்டு வரை நசுக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும் என்பதால், கை தளர்வாகப் பிழிந்தால் போதும். பிழிந்த சாற்றை மறுநாளைக்கு எடுத்து வைப்பது வீண். மணம் பெரும்பாலும் தோலின் எண்ணெயில் இருப்பதால், வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய ஒரு கீற்றுத் தோலைக் கடைசியில் பானத்தின் மேல் முறுக்கிவிடுவது நல்லது.

இனி குவளை. மாஸ்கோ மியூல் என்றாலே செம்புக் குவளைதான் படங்களில் இருக்கும். பாத்திரத்தையே செம்பு என்று அழைத்த நமக்கு அது புதியதல்ல. ஆனால் ஆர்வத்தில் வீட்டிலிருந்த வெறும் செம்பு டம்ளரில் ஒருமுறை ஊற்றிக் குடித்தேன். பாதியிலேயே நாக்கில் உலோகச் சுவை தட்டியது. அமெரிக்காவின் உணவுப் பாதுகாப்பு நெறிமுறை, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்குக் கீழே உள்ள உணவு செம்பைத் தொடக் கூடாது என்கிறது. எலுமிச்சைச் சாற்றின் அளவோ ஏறக்குறைய 2. புளிப்பு பட்டால் களிம்பு ஏறும் என்று அறிந்துதான் நம் வீடுகளில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் வெள்ளீயம் பூசி வைத்தார்கள். உள்ளே எவர்சில்வர் பூச்சு உள்ள குவளை கிடைத்தால் வாங்கலாம், இல்லையென்றால் கனமான கண்ணாடி டம்ளரே போதும்.

கலப்பதில் ஒரே ஒரு நிபந்தனை, மற்றவற்றைக் கலந்து ருசி பார்த்த பிறகே வோட்காவைச் சேர்க்க வேண்டும். முதலில் 25 மில்லி இஞ்சிப் பாகு, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, சிறிது சோடா தெளித்து ருசி பார்க்கிறேன். அந்த வாயளவே தனியாக நின்று இனிக்கவும் புளிக்கவும் சுடவும் வேண்டும். அதில் குறை இருந்தால் வோட்கா அதை ஈடுகட்டாது. சரியாக இருந்தால் 45 மில்லி வோட்காவை அளந்து ஊற்றி, டம்ளர் நிறையப் பெரிய பனிக்கட்டிகளைப் போட்டு, நன்றாகக் குளிர்ந்த சோடா 100 மில்லியை ஓரமாகச் சரித்து ஊற்றி, நீண்ட கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து தூக்கிவிடுகிறேன். அதற்கு மேல் கலக்கினால் வாயு போய்விடும். கண்ணளவில் ஊற்றுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். இங்கே விற்கும் வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம், அந்த 45 மில்லியிலேயே சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இஞ்சியும் புளிப்பும் அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடும் என்பதால் அளவு முக்கியம்.

என் மாமியார் மது தொடுவதில்லை. அவருக்கும் அதே பாகு, அதே எலுமிச்சை, அதே உப்பு, வோட்கா சேர்க்கும் முன் எடுத்து வைத்த டம்ளர். சென்ற சனிக்கிழமை ஒரு மடக்கு குடித்துவிட்டு, பனிக்கட்டியை டம்ளரில் சுழற்றிக்கொண்டே, 'இஞ்சியைத் தெளிய வைத்துத்தானே எடுத்தீர்கள், மாப்பிள்ளை?' என்று கேட்டார்.