முட்டை பூசிய சுவரும் என் முடியும்

அக்கா கல்யாணத்துக்குச் செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்குக் கிளம்பியபோது, பட்டுப்புடவையைவிடப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தது ஹேர் ஸ்ட்ரெய்ட்னரைத்தான். என் முடி சுருட்டையும் இல்லை, நேரும் இல்லை. காலையில் பார்த்தால் கோழி கிளறிய குப்பை. எனக்கோ வழவழவென்றும் இருக்கணும், தலையோடு ஒட்டாமல் புசுபுசுவென்றும் இருக்கணும்.

பெல்ஜியம் கண்ணாடி முன்னால் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். அப்பத்தா பக்கத்துச் சுவரைத் தடவிக் காட்டினார். "முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டு இழைச்சது. ஒங்க ஐயா பொறக்கிறதுக்கு முன்னாடி பூசுனது. இன்னும் கை வழுக்குது பாரு. ஒன் முடி எம்மாத்திரம்?"

நல்லவேளை, சுண்ணாம்பு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசி அரை மணி நேரம் ஊறினேன். அதற்குள் குளியலறைக் கதவை அத்தை தட்டிவிட்டார். கல்யாண வீட்டுக் குளியலறை வரிசை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவந்தேன். மேலாகக் காய்ந்தது போல் இருந்தது. ஸ்ட்ரெய்ட்னரை 200 டிகிரியில் வைத்து முதல் கற்றையைப் பிடித்தேன்.

சொய்ங்.

ஆவி வந்தது. கூடவே வாசனையும். இரண்டாங்கட்டிலிருந்து சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார்.

"கல்யாண வீட்டுல யாரு ஆச்சி ஆம்லெட் போடுறது?"

"பக்கத்து வீட்டுலயா இருக்கும்" என்றார் அப்பத்தா, கண் இமைக்காமல். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பக்கத்து வீட்டு வாசனை இங்கே வர பஸ் ஏறித்தான் வரணும். அவர் போனதும் என்னை நடு முற்றத்து வளவில் உட்கார வைத்து, பேன் சீப்பால் வெள்ளை வெள்ளையாக வெந்த துணுக்குகளை அப்பத்தாவே வாரி எடுத்தார். "சுவருக்கு யாரும் சூடு வைக்கலடி" என்று எனக்கே திட்டு.

சரி, மறுபடியும் முதலிலிருந்து. ஷாம்பு போட்டு, பச்சைத் தண்ணீரில் முட்டை போகும்வரை அலசினேன். துண்டால் தேய்க்காமல் பழைய வேட்டியால் ஒற்றினேன். தேய்த்தால் முடி சிலிர்த்துக்கொள்ளும். தலையைக் கவிழ்த்து, வேர்ப்பக்கம் டிரையர் காட்டினேன். புசுபுசுப்பு வருவது அங்கேதான். இந்த முறை சொட்டு ஈரம் இல்லை. ஈரத்தோடு இழுத்தால் முடிக்குள்ளேயே தண்ணீர் கொதித்துக் குமிழ் விட்டு, முடி உடைந்துபோகும். அப்புறம் ஹீட் புரொடெக்டன்ட் ஸ்பிரே, 170 டிகிரி, விரல் அகலக் கற்றை, மெதுவாக ஒரே ஒரு இழுப்பு. ஆறும்வரை கை வைக்கவே இல்லை.

வந்தது பாருங்கள், அப்படி ஒரு முடி! அந்தச் சுவரே தோற்றது. முகப்பிலிருந்து பட்டாலைக் கூடம் வரை காரணமே இல்லாமல் மூன்று தடவை நடந்தேன்.

நாலாவது தடவை நடந்ததுதான் தப்பு. கந்தரப்பம் சூடாக இருக்கிறது என்றார்கள். அடுப்படியில் தலையை நீட்டினேன். அதே நொடியில் சமையல்காரர் இட்லி அண்டாவைத் திறந்தார். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் அவிழ்ந்து, ஆறும்போது நேராகக் கட்டிக்கொள்ளும்; ஈரம் பட்டால் அந்தக் கட்டு மறுபடி அவிழும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன், கந்தரப்பம் அப்படி.

கண்ணாடியில் பார்த்தால் புசுபுசுப்புக்கு மட்டும் குறைவே இல்லை. மறுநாள் அப்பத்தா கை நிறைய எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, நாலு முழம் மல்லிகை சுற்றிவிட்டார். கொஞ்சிப் பேச வந்த பெரியம்மா, காதோரம் ஒட்டியிருந்த வெள்ளையாக எதையோ எடுத்து உற்றுப் பார்த்தார்.

"மல்லிகை மொட்டா இது? ஒரு மாதிரி இருக்கே?"

"மொட்டுத்தான்" என்றார் அப்பத்தா.