மரத்தில் கை வைக்காமல்: இரண்டு ஸ்ட்ராட் கிட்டார்களில் செய்து பார்த்தவை

மின்கிட்டாரை வாங்கியபடியே வைத்துக்கொள்வதா, விருப்பப்படி மாற்றிக்கொள்வதா என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு முடிவில்லாமல் நீளும். எந்தக் கிட்டார், அதில் எந்தப் பாகம் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக என் வீட்டில் இப்போது இரண்டு கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று இந்தோனேசியாவில் செய்யப்பட்ட ஸ்ட்ராட் வகைக் கிட்டார். ஸ்ட்ராட் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியின் சுருக்கப் பெயர். பழைய பொருள்கள் விற்கும் கேரோசெல் இணையச் சந்தையில் வாங்கியது. எத்தனை பேர் கைமாறி வந்தது என்று தெரியாது, தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. மற்றது என் தாய்மாமா எண்பதுகளில் வாங்கி, சமூக மன்ற மேடைகளில் வாசித்த ஜப்பானிய ஸ்குவையர் (ஃபெண்டரின் இன்னொரு வணிகப் பெயர்). அதன் வரிசை எண் ‘ஜேவி’ என்று தொடங்குகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1982இல் ஜப்பானில் கூட்டு நிறுவனம் தொடங்கி, தன் ஐம்பதுகள், அறுபதுகளின் மாதிரிகளை ஃபியூஜிஜென் தொழிற்சாலையில் மறுபடியும் செய்யவைத்தபோது வந்த முதல் சில ஆண்டுக் கிட்டார்களுக்கே அந்த எழுத்துகள் உண்டு. சேகரிப்பவர்கள் தேடி அலையும் சரக்கு அது.

இரண்டிலும் நான் வாசிக்க முயல்வது ஒன்றையே. கித்தார் பிரசன்னாவைக் கேட்டு வளர்ந்த பலரைப் போல நானும் மின்கிட்டாரில் கர்நாடக இசை பழகுகிறேன். தோடியின் காந்தாரத்தைப் பிடிக்கத் தந்தியை மத்தியமத்தின் விளிம்பு வரை இழுத்துத் திருப்ப வேண்டும். இழுத்த இடத்தில் ஓசை அறுந்துபோகக் கூடாது. அடங்கி வாசிக்கும்போது தொனி மங்கக் கூடாது. கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாம் இந்தத் தேவைகளிலிருந்து வந்தவைதாம். ராக் வாசிப்பவருக்கு என் முடிவுகள் அப்படியே பொருந்தாமல் போகலாம்.

முதலில் இந்தோனேசியக் கிட்டார். எதையும் வாங்குவதற்கு முன்னால் இருப்பதைச் சரியாக அமைப்பது என்று தொடங்கினேன். 9–42 தந்திகளை (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 9 முதல் 42 வரை) பூட்டி, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிக் கழுத்தின் வளைவை 0.25 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து, 17ஆம் ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியின் உயரத்தை 1.6 மி.மீ. என வைத்தேன். இவை ஃபெண்டர் தன் கிட்டார்களுக்குப் பரிந்துரைக்கும் அளவுகள்தாம். பிறகு பிக்கப்புகளின், அதாவது தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருள்களின், உயரத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவர் ஓசை கூடட்டும் என்று அவற்றைத் தந்திக்கு மிக அருகே ஏற்றி வைத்திருந்தார். காந்தம் தந்தியை இழுப்பதால், தடித்த தந்திகளை மேல் ஃப்ரெட்டுகளில் மீட்டியபோது ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து அலைந்தது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தபடி, தடித்த தந்தியின் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்தியின் பக்கம் 2 மி.மீ. இடைவெளி வருமாறு இறக்கியதும் அந்த அலைச்சல் நின்றது. வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும் என்று நினைத்திருந்த பிக்கப்புகள் இவை. திருப்புளி ஒன்றைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இங்கே ஈரப்பதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். பகலில் சன்னலைத் திறந்து வைத்து இரவில் குளிரூட்டியைப் போடும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், கிட்டாரின் கழுத்து ஒரே நாளில் இரண்டு பருவங்களைப் பார்த்துவிடுகிறது. தாங்கியில் வைத்திருந்தவரை அடிக்கடி ட்ரஸ் ராடைத் தொட வேண்டியிருந்தது. பெட்டிக்குள் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்கு அருகே வைக்கத் தொடங்கியபின் அந்த வேலை வெகுவாகக் குறைந்தது. ‘மரம் சரியில்லை, கழுத்தையே மாற்றிவிடலாம்’ என்று சொல்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது மின்சுற்று. ஸ்ட்ராட்டின் பழைய அமைப்பில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (தந்திகள் உடலில் முடியும் பக்கத்தில் இருப்பது) உச்சஓசையைக் குறைக்கும் டோன் குமிழ் கிடையாது. கழுத்துப் பக்கத்துக்கும் நடுவுக்கும் மட்டும்தான் உண்டு. அதனால் பிரிட்ஜ் பிக்கப்பின் உச்சஓசை காதைக் குத்துகிறது. சுவிட்சில் ஒரு சிறு கம்பியை இணைத்து, நடுப் பிக்கப்பின் டோனைப் பிரிட்ஜுக்கும் பொதுவாக்கினேன். மொத்தச் செலவு சால்டர் ஈயம் மட்டுமே. இந்த ஒன்று மட்டும் என் வாசிப்பை மாற்றிய அளவுக்கு வேறு எதுவும் மாற்றவில்லை. அதுவரை ஓரங்கட்டி வைத்திருந்த பிரிட்ஜ் பிக்கப், டோனைப் பாதிக்கு இறக்கியதும் வீணையின் மீட்டுக்கு நெருக்கமான ஒரு கூர்மையைத் தந்தது.

பிறகு சிம் லிம் டவருக்குப் போய் 250 கிலோ ஓம் பாட் (குமிழின் அடியில் இருக்கும் மாறும் மின்தடை) சிலவும், 1 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றும், 150 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் வாங்கி வந்தேன். சில வெள்ளிதான் ஆனது. மின்தேக்கியையும் மின்தடையையும் இணையாகச் சேர்த்து வால்யூம் பாட்டின் உள்ளீட்டு முனைக்கும் நடு முனைக்கும் இடையே பற்றவைத்தால், ஒலியளவை இறக்கும்போது உச்சஓசை மட்டும் முதலில் செத்துப்போவது நிற்கும். பாட்டின் தடையும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிவிடுவதால்தான் அந்தக் குறை வருகிறது. இந்தச் சிறு சுற்று உச்சஓசைக்குத் தனி வழி விடுகிறது. ஆலாபனையில் வால்யூமை நான்குக்கு இறக்கிவிட்டுத் தொடங்கும் எனக்கு இது பெரிய நிம்மதி. பாட்டைப் பொருத்தும் இடத்தில்தான் ஒரு சிக்கல். முன்பிருந்த சிறிய பாட்டுக்காக பிக்கார்டில் (உடலின் முகப்பை மூடும் தகடு) போட்ட துளை 7 மி.மீ. அளவுக்கே இருந்தது, முழு அளவு பாட்டின் கழுத்துக்கு 9.5 மி.மீ. வேண்டும். பிக்கார்ட் பிளாஸ்டிக், இன்னொன்று கிடைக்கும் என்பதால் யோசிக்காமல் அரத்தால் பெரிதாக்கினேன்.

செப்பு நாடா ஒட்டி உட்குழியை மூடியதன் பலனை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். மங்கலாக்கும் சுவிட்ச் உள்ள விளக்குகளிலிருந்தும் கணினியிலிருந்தும் வரும் கரகரப்பு குறைந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தால் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் வரும் முனகல் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் வேண்டும்.

அப்படி ஒன்றையும் வாங்கிப் போட்டேன்: ஒற்றைச் சுருளின் வடிவிலேயே வரும் ஹம்பக்கர், பிரிட்ஜ் பக்கம். செலவில் இதுவே பெரியது. முனகல் போனது, ஓசை கொழுத்தது. ஆனால் இரண்டையும் பதிவுசெய்து, ஒலியளவைச் சமமாக்கிக் கேட்டபோது, முதல் நாள் எனக்குத் தோன்றிய வித்தியாசத்தில் பெரும்பகுதி வெறும் சத்தத்தின் வித்தியாசம் என்று தெரிந்தது. மிஞ்சியதும் உண்மையான வித்தியாசம்தான். விலைக்குத் தக்கதா என்று கேட்டால், முனகலுக்காக மட்டும் ஆம் என்பேன்.

இனி மாமாவின் கிட்டார். அதைக் கையில் கொடுத்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “மரத்துல மட்டும் கை வைக்காதடா. மத்தத நீ பாத்துக்க.” வணிகர்களிடமும் வழக்கமான கணக்கு ஏறக்குறைய இதுதான். பழைய கிட்டாருக்குப் புதிதாக வண்ணம் பூசினால் விலை பாதியாகும் என்பார்கள். உடலில் ஹம்பக்கருக்குக் குழி வெட்டினாலும், பெரிய முறுக்காணிகளுக்காகத் தலைப்பகுதியின் துளைகளை அகலப்படுத்தினாலும் கதை அதேதான். அமெரிக்கப் பழங்கிட்டார்களில் பாட்டின் முதுகில் உள்ள எண்ணைக்கூட விடமாட்டார்கள்: 1376625 என்றிருந்தால் 137 என்பது அந்தப் பாட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 25 வாரம். சால்டர் ஈயம் மறுபடி ஒருமுறையும் உருக்கப்படாத இணைப்பே அந்தக் கிட்டார் பிரிக்கப்படவில்லை என்பதற்குச் சான்று. ஆகவே மாமாவின் கிட்டாரில் நான் சால்டர் இரும்பைக் கொண்டுபோகவே இல்லை. குமிழ்களின் கரகரப்பை மின்தொடர்பு சுத்திகரிப்பானால் நீக்கினேன். கம்பி வேலைகள் எல்லாம் அந்த இந்தோனேசியக் கிட்டாரோடு சரி.

சோதனையாக வந்தது விரல்பலகையின் வளைவு. ஐம்பதுகளின் மாதிரி என்பதால் அதன் ஆரம் 7.25 அங்குலம், அதாவது 184 மி.மீ. பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு பிடிக்கச் சுகமான வளைவு. ஆனால் மெல்லிய தந்தியை மேல் ஃப்ரெட்டுகளில் இழுத்தால், அது வளைவின் மேட்டை நோக்கி ஏறி, அடுத்த ஃப்ரெட்டுகளில் உரசி, இழுப்பின் உச்சியில் ஓசை அறுந்துபோகிறது. தோடியைப் பொறுத்தவரை, சுரம் உயிரோடு இருக்க வேண்டிய இடமே அதுதான். பலர் செய்யும் தீர்வு, ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பலகையை 12 அங்குல ஆரத்துக்குச் சீவி, புதிய ஃப்ரெட் அடிப்பது. வாசிப்பவராகப் பார்த்தால் அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுப்பகுதியின் மரம் குறையும். மேப்பிள் பலகை என்பதால் நாற்பது ஆண்டுப் பூச்சும், மாமாவின் விரல்கள் அதில் தேய்த்த கருமையும் முழுக்கப் போய்விடும். எதையும் திரும்ப ஒட்ட முடியாது.

பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்ன மாற்றுவழியையே எடுத்துக்கொண்டேன். பலகையைத் தொடாமல், 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள ஃப்ரெட்டுகளின் நடுமேட்டை மட்டும் அரத்தால் சற்றே கூடுதலாக இறக்கி, பின் மறுபடி உருட்டி மெருகிட்டார். ஃப்ரெட் எப்படியும் தேய்ந்து மாற்றப்படும் உலோகம், தந்தியைப் போல. கூடவே தந்தி உயரத்தை 1.8 மி.மீ.க்கு ஏற்றினேன். இப்போது 15ஆம் ஃப்ரெட்டில் காந்தாரத்திலிருந்து மத்தியமம் வரையிலான இழுப்பு தெளிவாக ஒலிக்கிறது. அதற்கும் மேலே இழுத்தால் இன்னமும் அறுகிறது. அந்தப் பிடிகளை இந்தோனேசியக் கிட்டாரின் தட்டையான பலகைக்கு ஒதுக்கிவிட்டேன்.

மாற்றத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் எடுத்துக்காட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் இதை முடிக்க முடியாது. எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ பல ஸ்ட்ராட்டுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. 2004 ஏலத்தில் 9,59,500 அமெரிக்க டாலருக்குப் போனது. டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட், கழுத்து முதல் பிரிட்ஜ் வரை பலமுறை மாற்றப்பட்டும், 2019இல் 39,75,000 டாலரை எட்டியது. அந்த விலை வாசித்த கைக்குக் கொடுத்தது என்பதால் என் கிட்டாருக்கு அந்தக் கணக்கு உதவாது. அந்தக் கிட்டார்களில் வேலை செய்தபோது அவை வெறும் வாசிப்புக் கிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்னொன்றும் உண்டு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டில் மூன்று நிலை சுவிட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி இரு பிக்கப்புகளின் கலப்பை எடுத்துப் பழகியபின், 1977 வாக்கில்தான் ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சையே பொருத்தி விற்றது. இன்று ‘ஒரிஜினல்’ என்று நாம் காக்கும் ஒன்று அன்று வாசித்தவர்களின் குறும்புதான்.

இருந்தாலும் ஜேவியின் மரத்தில் நான் கை வைக்கப்போவதில்லை. என் தேவைகளில் பெரும்பாலானவை திருப்புளி, சால்டர், சில வெள்ளிப் பாகங்கள் என்பதோடு அடங்கிவிட்டன. மரத்தை வெட்டிப் பெறவேண்டிய பலன் ஒன்றே ஒன்று மிச்சம், அதையும் மற்றக் கிட்டார் தருகிறது. ஜேவியில் தளர்ந்துபோயிருக்கும் ஜாக்கை (கேபிளைச் செருகும் துளை) மட்டும் மாற்ற வேண்டிவரும். அந்த இரண்டு இணைப்புகளையும் உருக்காமல் வேலையாகாது என்பதால், பிரிக்கும் முன் படம் எடுத்து, பழையதை உறையிலிட்டுத் தேதி எழுதிக் கிட்டார் பெட்டியிலேயே வைக்கச் சொல்லிப் பழுதுபார்ப்பவரிடம் கேட்டிருக்கிறேன். இந்தோனேசியக் கிட்டாரின் ஃப்ரெட்டுகள் தேய்ந்ததும் துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட் அடிப்பதாக இருக்கிறேன். நம்மூர் வியர்வைக்கு அது தாங்கும், இழுப்புக்கும் வழுவழுப்பாக இருக்கும். அதை முடித்தபின் பதிவுகளை மறுபடி ஒப்பிட்டு எழுதுகிறேன்.